ஐந்து கேட்ட இடத்தில் மூன்றரை

கரமனை
2 செப்டம்பர் 2024

அக்கா,

உன் புது வீட்டில் ஹாலை ஒட்டிய குளியலறையில் கேஸ் கீசரின் சுவாலை மஞ்சளாக எரிகிறது. பால் காய்ச்சிய அன்று இதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

கை கழுவப் போனபோது பார்த்தேன். அந்தச் சுவாலை நீலமாக இருக்க வேண்டும். மேலே கண்ணாடிப் பட்டை ஜன்னலைத் தெர்மாகோல் வைத்து அடைத்து, நான்கு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. கீசருக்குப் புகை போகக் குழாயும் இல்லை. வெளியே வந்து உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அத்திம்பேர் தன் ஆபீஸ் சிநேகிதர்களிடம் என்னைக் காட்டி, "இவதான் எங்க மச்சினி. உலகத்துல இருக்கற எல்லா ஈக்வேஷனையும் பேலன்ஸ் பண்ணுவா, ஸ்கூட்டரை மட்டும் பண்ண வராது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு பெண் எங்கே வேலை என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "வேலைன்னு இல்லை, சும்மா டியூஷன் எடுக்கறா, அப்பாவுக்குத் துணையா இருக்கணுமோல்லியோ."

அந்த 'சும்மா'வை நான் எட்டு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில், அறுபது பேருக்கு முன்னால். அன்று உன் வீட்டில் இலை போட்டிருந்தது. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பால் காய்ச்சிய வீட்டில் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது என்று எனக்கும் தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

போனில் என்னை பிளாக் செய்திருக்கிறாய். அதனால் கடிதம். பூமாரி தினமும் காலையில் கரமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி உன் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். அவள் சாப்பாட்டுப் பையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நம் வீட்டுச் சண்டை அவளுக்கு எதற்கு என்று உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

மஞ்சள் சுவாலை என்றால் எரிவாயுவுக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த டேப்பைக் கிழித்துவிடு. கீசரை வெளியே பால்கனிக்கு மாற்று. வேறொன்றும் கேட்கவில்லை.

விஷ்ணுப்ரியா

*

கழக்கூட்டம்
5 செப்டம்பர்

விஷ்ணு,

என்ன ஒரு லெட்டர்! வாழ்த்து ஒரு வரி இல்லை, வீடு நன்னா இருக்குன்னு ஒரு வார்த்தை இல்லை. நேரா பாத்ரூமுக்குப் போயிட்டே.

நீ எப்பவுமே இப்படித்தான். என் கல்யாணத்துல மண்டபத்து லைட்டு சரியில்லைன்னே. கௌசிக்கோட முதல் கார்ல உட்கார்ந்து பெட்ரோல் நாத்தம் வர்றதுன்னே. எனக்கு ஒரு நல்லது நடந்தா அதுல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாத்தான் உனக்குத் தூக்கம் வரும். அன்னிக்கு நீ எழுந்து போனப்போ கௌசிக்கோட அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்.

எனக்கும் கெமிஸ்ட்ரி தெரியும். ரெண்டு பேரும் ஒரே டியூஷன்லதான் படிச்சோம். பிளஸ் டூவில உன்னைவிட எனக்குத்தான் மார்க் ஜாஸ்தி. சிலிண்டர்ல இருக்கறது புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேனையே எடுத்துக்கோ. முதல்ல கார்பன், அப்புறம் ஹைட்ரஜன், கடைசியா ஆக்சிஜன். மறக்கலை பாரு:

C₃H₈ + 5O₂ → 3CO₂ + 4H₂O

ரெண்டு பக்கமும் எண்ணிப் பார்த்துட்டேன், சரியா இருக்கு. வர்றது கரியமில வாயுவும் தண்ணியும். சோடா பாட்டில்லயும் அதேதான் இருக்கு. இதுக்குப் போயா இத்தனை பயமுறுத்தல்?

டேப்பை எடுக்க முடியாது. எடுத்தா புறா உள்ள வந்து அசிங்கம் பண்றது. வெளிச்சுவர்ல குழாய்க்கு ஓட்டை போட பிளாட் அசோசியேஷன் விடாது. பால்கனியில வாஷிங் மெஷின் வரப்போறது.

இருந்தாலும் உன் பேச்சு மண்டைக்குள்ள போயி குடையறது. அதனால நான் அந்த பாத்ரூம்ல குளிக்கறதை நிறுத்திட்டேன். பெட்ரூம்ல கரண்ட் கீசர் இருக்கு, நானும் கௌசிக்கும் அங்கதான். சந்தோஷமா?

இன்னொண்ணு. எனக்கு ரெண்டு மாசம் ஆறது. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ முந்திண்டு சொல்லாதே.

பத்மா

*

கரமனை
9 செப்டம்பர்

அக்கா,

உன் வயிற்றில் குழந்தை இருக்கிறது என்பதைச் சண்டையின் கடைசி வரியாக எழுத உன்னால் மட்டும்தான் முடியும். சந்தோஷம்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது இரண்டு முறை வாய்வரை வந்தது.

நீ எழுதிய சமன்பாட்டில் தப்பு இல்லை. ஆனால் அது ஒரு புரோப்பேனுக்கு ஐந்து ஆக்சிஜன் கிடைக்கும் வீட்டின் சமன்பாடு. மூடிய அறையில் ஐந்து கேட்ட இடத்தில் மூன்றரைதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள். அப்போது இப்படி ஆகும்:

2C₃H₈ + 7O₂ → 6CO + 8H₂O

இதையும் எண்ணிப் பார். கார்பன் ஆறு, ஆறு. ஹைட்ரஜன் பதினாறு, பதினாறு. ஆக்சிஜன் பதினான்கு, பதினான்கு. இதுவும் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போன வாரம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "அர எழுதியா மார்க்கு போகுமோ மிஸ்ஸே?" மூன்றரை என்று எழுதினாலும் மார்க் போகாது, ஆனால் முழு எண்ணாக மாற்றிவிடு என்றேன். சமன் செய்வது கணக்கு. எந்தச் சமன்பாடு அங்கே நடக்கிறது என்பதை அறையில் நின்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை நான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன், ஒவ்வொரு வருஷமும் இது பரீட்சைக்கு வருமா என்று கேட்கிறார்கள்.

நீ குளிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டது நல்லது. என்னை நம்பாமலே மாற்றிக்கொண்டாய்; அதுவும் உன் வழக்கம்தான்.

இனி கீசரைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

விஷ்ணுப்ரியா

*

கழக்கூட்டம்
1 அக்டோபர்

விஷ்ணு,

பாடம் எடுத்ததுக்கு நன்றி மிஸ். ஃபீஸ் எவ்வளவு?

உன்கிட்ட ஒரு கம்ப்ளைன்ட். பூமாரியை நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் வெச்சிண்டிருந்தேளோ. அங்க இருந்தப்போ ஓடி ஓடி வேலை செய்வா, இங்க வந்ததிலேர்ந்து தேஞ்சுபோயிட்டா. ரெண்டு பக்கெட் துணியைத் துவைக்க ஒண்ணரை மணி நேரம். வாஷிங் மெஷின் இன்னும் வரலை. கௌசிக்கோட அம்மா, இந்த மாதிரி நேரத்துல வீட்டுத் துணியெல்லாம் வெந்நீர்லதான் அலசணும்னு சொல்லிட்டா. அதைச் செய்யச் சொன்னா நடுவுல வந்து தரையில உட்கார்ந்துடறா. "பாப்பா, கிறுகிறுன்னு வருது, கொமட்டுது, தலைய ரெண்டா பொளக்குது"ன்னு. நான் மாசமா இருக்கேன், மசக்கை அவளுக்கு! கௌசிக்குக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுத்து.

ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துண்டா சரியாப் போயிடறது. திங்கக்கிழமை மறுபடியும் அதே பாட்டு. வேலை செய்ய மனசில்லைன்னு நேரா சொல்லிட்டா தேவலை.

காலைல எனக்கு வரிசையா மீட்டிங். அவ துணி அடிக்கற சத்தம் மைக்ல கேக்கறதுன்னு என் மேனேஜர் ஒருநாள் கேட்டே கேட்டுட்டான், "எந்தா பத்மா, அவிடே கல்லுடைக்கலோ?" இங்க கல்லு உடைக்கறாளாம்! மானம் போச்சு. அதுலேர்ந்து ஹால் பாத்ரூம் கதவைச் சாத்திண்டுதான் துவைக்கணும்னு சொல்லிட்டேன். அதுக்கும் மூஞ்சியைத் தூக்கிக்கறா.

நீ கொஞ்சம் அவகிட்ட பேசு. நீ சொன்னா கேப்பா.

அப்பா போன் பண்ணினார். சீமந்தம் தையில. நீ வரணும்னு அப்பாவுக்கு ஆசை. எனக்கு எப்படியும் சரி.

பத்மா

*

கரமனை
4 அக்டோபர்

அக்கா,

பேச மாட்டேன். அவளிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பூமாரி இந்த வீட்டில் பதினோரு வருஷம் வேலை செய்தாள். அம்மா படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் அவள்தான் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தாள். அப்போது நீ பெங்களூரில் இருந்தாய். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் தலைவலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. காய்ச்சலோடு வந்து மாவு அரைத்துவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவளைத்தான், உனக்கு ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அழைத்துக்கொண்டு போனாய். இப்போது அவள் சோம்பேறி என்று எனக்கே எழுதுகிறாய்.

உன் வீட்டுக்குப் போனதும் ஒரு மனுஷிக்குத் தலைவலி வருகிறது என்றால் குறை யாரிடம் என்று நீயே யோசித்துக்கொள். யாராவது ஒருத்தி உன்னிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்கினால் அவளுக்குத் தலை வலிக்காதா?

அவளைத் திருப்பி அனுப்பிவிடு. அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட எனக்கு இடுப்பில் வலு இல்லை. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

நேற்றுக் காலை அவளை வழியில் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது. "பெரிய பாப்பா வீட்டுல வேலை ரொம்பவோ?" என்றேன். "வேலைக்கு என்ன பாப்பா, பழகிரும்" என்றாள். "தினமும் காயிதம் எழுதுதீங்களே, ரெண்டு பேரும் ஒரு நாள் நேர்ல பேசிருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சீமந்தத்துக்கு வருவதைப் பற்றி அப்போது பார்க்கலாம்.

விஷ்ணுப்ரியா

*

கழக்கூட்டம்
27 அக்டோபர்

விஷ்ணு,

உனக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். உங்க தெருவுக்குப் பின்னாடிதானே அவா வீடு.

வியாழக்கிழமை காலைல. எனக்கு மீட்டிங் நீண்டுண்டே போயிண்டிருந்தது. தண்ணி விழற சத்தம் கேட்டுண்டே இருந்தது, அதனால துவைக்கறான்னுதான் நினைச்சேன். மீட்டிங்கை முடிச்சுட்டு, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுடணும்னு கோபத்தோடதான் கதவைத் திறந்தேன். தாழ்ப்பாள்கூடப் போடலை. தரையில கிடந்தா, துணிக்கொடியைப் பிடிக்கற மாதிரி ஒரு கை மேல நீட்டியிருந்தது. முகம் நன்னா செவந்து, தூங்கறவ மாதிரி இருந்தா. பூமாரி பூமாரின்னு கத்தினேன்.

டாக்டர் வந்த உடனே போயிட்டான்னு சொல்லிட்டார். எப்பவோ போயிட்டாளாம்.

போஸ்ட்மார்ட்டம் ஆச்சு. ரத்தத்தை லேப்புக்கு அனுப்பியிருக்கா, ரிசல்ட் வர மாசக்கணக்காகுமாம். பிரஷரா இருக்கும்னு கௌசிக் அவ புருஷன் இசக்கிப்பாண்டிகிட்ட சொல்லியிருக்கான். அவளுக்குப் பிரஷர் இல்லைன்னு யாருக்குத் தெரியும்? கதவை அவளேதான் சாத்திண்டா. கீசரை கௌசிக் அன்னிக்கே கழட்டிட்டான்.

இசக்கிப்பாண்டி அப்பாவைப் பார்க்க வருவான். அவன் கேட்டா உனக்கு ஒண்ணும் தெரியாது. கெமிஸ்ட்ரியெல்லாம் பேச வேண்டாம். போனவ திரும்பி வரப் போறதில்லை. என் வயித்துல இருக்கறதை நினைச்சுக்கோ. நான் தூங்கி நாலு நாளாறது.

இதை கூரியர்ல அனுப்பறேன்.

பத்மா

*

கரமனை
3 நவம்பர்

அக்கா,

கதவை அவளே சாத்திக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாய். அக்டோபர் ஒன்றாம் தேதி நீ எழுதியதை நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய்.

உன்னுடைய அந்தக் கடிதத்தை நேற்று மறுபடி படித்தேன். கிறுகிறுப்பு, குமட்டல், தலைவலி. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுகிறது, திங்கட்கிழமை திரும்ப வருகிறது. கார்பன் மோனாக்சைடைப் பற்றி வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிப் போடும் அறிகுறிகளை நீ வரிசையாக எழுதி எனக்கு அனுப்பியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு, நீ அவளைத் திட்டுகிறாய் என்று உன்னைத் திட்டி எழுதினேன். நீ குளிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டாய். நான் நிம்மதியானேன். அந்த அறையில் இன்னும் ஒருத்தி தினமும் ஒன்றரை மணி நேரம் மூச்சு விடுகிறாள் என்று நாம் இரண்டு பேருமே எண்ணவில்லை.

என் மூன்று கடிதங்களும் அவள் சாப்பாட்டுப் பையில்தான் போயின. ஒட்டிய உறையில்.

இசக்கிப்பாண்டி அப்பாவைப் பார்க்க வரவில்லை. நான்தான் அவன் வீட்டுக்குப் போனேன். சென்ட்ரிங் பலகை அடுக்கியிருந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான்.

"பிரஷர்ல போயிட்டான்னு கௌசிக் சார் சொல்லுதாரு பாப்பா. அவளுக்குப் பிரஷரே கெடையாது. போன மாசந்தான் கேம்ப்ல கையில பட்டை கட்டிப் பாத்தாங்க. எனக்குத்தான் இருக்குன்னாங்க, அவளுக்கு இல்லைன்னாங்க. 'நான் ஒமக்கு முந்தி போவ மாட்டேன், பயப்படாதீரும்'னு அன்னைக்குக் கேலி பண்ணிக்கிட்டே வந்தா."

நான் சொன்னேன். சமன்பாடு எதுவும் எழுதிக் காட்டவில்லை. மூடிய அறையில் கேஸ் எரிந்தால் விஷக்காற்று வரும், அதில் இருந்துகொண்டே துவைத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

"வாசனை வருமில்ல?"

"வராது."

"கண்ணு எரியுமா?"

"எரியாது."

"பொறவு எப்படித்தான் தெரிஞ்சுக்கிடுறது?"

"சுவாலை மஞ்சளா எரியும். அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்."

பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டான்: "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பால் காய்ச்சின அன்னிக்கு."

நான் எழுந்தபோது வாசல்வரை வந்து, வழியில் கிடந்த ஒரு பலகையை நான் போவதற்காக நகர்த்தி வைத்தான். பூமாரியிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அந்த ஜன்னல் டேப்பைக் கிழித்துவிட்டுத் துவை என்று நான் சொல்லியிருந்தால் அவள் உன்னிடம் அனுமதிகூடக் கேட்டிருக்க மாட்டாள்.

நாளை அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான். என்னையும் கூப்பிட்டிருக்கிறான். போகிறேன். உன் வயிற்றில் இருப்பதை நினைத்துக்கொண்டுதான் போகிறேன். அதை நம்ப வேண்டும் என்று உன்னிடம் கேட்கவில்லை.

விஷ்ணுப்ரியா

*

கழக்கூட்டம்
6 நவம்பர்

விஷ்ணு,

சரி. உன் ஈக்வேஷன் சரி, என்னோடது தப்பு. நீ ஜெயிச்சுட்டே. இந்த ஒரு நாளுக்காகத்தானே பிளஸ் டூவிலேர்ந்து காத்துண்டிருந்தே?

நேத்து ரெண்டு போலீஸ்காரா வந்து பாத்ரூமை போட்டோ எடுத்துண்டு போனா. எதிர் பிளாட்டுக்காரி கதவைத் திறந்து வெச்சுண்டு பார்த்தா. கௌசிக்கை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கா. அவன் போகும்போது என்கிட்ட கேட்டான், "உன் தங்கை நம்மகிட்ட முன்னாடியே சொன்னாளா?" அவன்கிட்ட நான் உன் லெட்டரைக் காட்டவே இல்லை. சிரிப்பான்னு காட்டலை. போதுமா? இதையும் போய்ச் சொல்லிக்கோ.

இனிமே எனக்கு எழுதாதே. நீ எழுதினா நான் பிரிக்க மாட்டேன்.

பத்மா

*

கரமனை
20 ஜூன் 2025

அக்கா,

பிரிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். தபாலில் அனுப்புகிறேன்.

லேப் முடிவு பிப்ரவரியில் வந்தது. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு. அத்திம்பேர் பெயரில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. சாட்சிகளில் நானும் ஒருத்தி. அவருக்கு எதுவும் தெரியாது, எனக்கும் உனக்கும்தான் தெரியும் என்று வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன். இசக்கிப்பாண்டி வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வருஷ வகுப்புகள் தொடங்கிவிட்டன. எரிதல் பாடத்தில் இப்போது இரண்டு சமன்பாட்டையும் எழுதுகிறேன். பரீட்சைக்கு வருமா என்று இந்த வருஷமும் கேட்டார்கள்.

சீமந்தம் தை மாதம் குறித்த நாளில் நடந்தது. ஏப்ரலில் உனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைத்த அன்று அப்பாவை மட்டும் கார் அனுப்பி அழைத்துப் போனீர்கள். குழந்தையின் பெயர் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். நீயே சொல்வாய் என்றார்.

அந்தக் குளியலறை ஜன்னலில் இப்போது டேப் இல்லையாம். புறா உள்ளே வருகிறது என்று அப்பா சொன்னார்.

விஷ்ணுப்ரியா